ஹம்பேர்க்கில் நடந்த யானைகள்

போன வாரம் தொலைக்காட்சியில் ஒரு யானைக் கூட்டம் போய்க்கொண்டிருந்தது. புழுதி பறக்கிறது, குட்டி ஒன்று தாயின் வயிற்றுக்கடியில் ஒட்டிக்கொண்டு நடக்கிறது, ஒவ்வோர் அடிக்கும் தொம், தொம் என்று சத்தம் அதிர்கிறது. பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த என் மனைவி மெஹருன்னிசா நிமிர்ந்து பார்த்தாள்.

“இன்னும் உங்க யானைதாங்க ஓடிக்கிட்டு இருக்கு,” என்றாள்.

“இது என் யானை இல்லை. என் யானை இதைவிட நல்லா மிதிக்கும்,” என்றேன்.

நான் ஓய்வு பெற்றுப் பல வருடங்கள் ஆகிவிட்டன. இப்போது என் வேலைக்கு ஆளே தேவையில்லையாம். கணினியில் ஒரு பொத்தானைத் தட்டினால் யானை நடக்குமாம், சிங்கம் மெல்லுமாம். இருக்கட்டும், எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. மணல் பெட்டிக்கு முன்னால் மண்டியிட்டு மண்டியிட்டு முழங்கால் தேய்ந்ததுதான் மிச்சம் என்று மெஹரு சொல்வாள், அதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தத் தொம் தொம்முக்குப் பின்னால் ஒரு மனிதர் இருந்தார். அவரைப் பற்றி யாராவது எழுத வேண்டும். அவருக்குத் தமிழ் தெரியாது என்பதால் நான் என்ன எழுதினாலும் தப்பித்துக்கொள்வேன்.

அவர் பெயர் லோமான். ஹம்பேர்க்கில் ஒரு சிறிய ஒலிப்பதிவு ஸ்டுடியோவில் சத்தம் செய்பவராக இருந்தார். ஆப்பிரிக்கக் காடுகளில் விலங்குப் படம் எடுக்கிறவர்கள் அந்தக் காலத்தில் தூரத்தில் உட்கார்ந்து, நீளமான லென்ஸ் போட்டுத்தான் எடுப்பார்கள். படத்தில் எல்லாம் தெரியும், எதுவும் கேட்காது. அப்படி ஊமையாக வந்து சேரும் படத்துக்குக் காலடி, மூச்சு, இறக்கை, தண்ணீர் என்று எல்லாச் சத்தத்தையும் திரையைப் பார்த்துக்கொண்டே கையாலும் காலாலும் செய்து சேர்ப்பதுதான் அவர் தொழில். பிறகு அது என் தொழிலும் ஆனது.

அறுபதுகளின் தொடக்கத்தில் நாகப்பட்டினம் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தவன் நான். ரேடியோ பழுதுபார்க்கும் பயிற்சிக்காக வந்தேன். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. குளிர், உருளைக்கிழங்கு, மறுபடியும் குளிர். மொழி வருவதற்குள் மூக்கு இரண்டு தடவை தோல் உரிந்தது. பயிற்சி முடிந்ததும் ஒரு ரேடியோக் கடையில் வேலை கிடைத்தது. அங்கிருந்துதான் ஒருநாள் என்னை இந்த ஸ்டுடியோவுக்கு அனுப்பினார்கள், ஒலிபெருக்கியில் இரைச்சல் வருகிறது, போய்ப் பார் என்று.

கதவைத் திறந்தால் உள்ளே தரை முழுக்கக் கம்பளம். கம்பளம் விரித்த இடத்துக்குள் செருப்புக் காலோடு போகிற பழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. ஷூவைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு, காலுறையோடு உள்ளே போய் வேலையை முடித்தேன். திரும்பிப் பார்த்தால் பின்னால் ஒரு நெட்டை மனிதர் நின்றுகொண்டிருக்கிறார். கம்பளி மேலங்கி, காலில் தடித்த கம்பளித் துணியால் தைத்த செருப்பு.

“நீங்க எப்ப உள்ளே வந்தீங்க?” என்று கேட்டார்.

“இப்பதான், அரை மணி ஆச்சு.”

“எனக்குக் கேக்கவே இல்லையே! யார் சொல்லி ஷூவைக் கழட்டுனீங்க?”

“யாரும் சொல்லலை. வீட்டுக்குள்ள கழட்டுற மாதிரிதான்.”

அவர் என் கால்களைச் சற்று நேரம் பார்த்தார். பெண் பார்க்க வந்தவர்கள்கூட அப்படிப் பார்த்திருக்க மாட்டார்கள். அடுத்த மாதம் நான் அங்கே உதவியாளன். என் சான்றிதழ்களை அவர் கடைசிவரை கேட்கவில்லை.

அவர் பேசியதெல்லாம் ஜெர்மன்தான். இத்தனை வருடத்துக்குப் பிறகு என் காதில் அது தமிழில்தான் கேட்கிறது, அதனால் அப்படியே எழுதுகிறேன்.

லோமானின் முறைகளைச் சொல்ல வேண்டும். காலையில் எல்லோருக்கும் கை கொடுப்பார், துப்புரவு செய்யும் அம்மாள் முதல் முதலாளிவரை. எத்தனை வருடம் பழகினாலும் “நீங்க”தான், “நீ” என்று ஒருமுறைகூட வாயில் வராது; நாங்களும் அவரை “ஹெர் லோமான்”, அதாவது திரு லோமான், என்றுதான் கூப்பிட வேண்டும். ஸ்டுடியோவுக்குள் கடிகாரம் கட்டக்கூடாது. டெரிலின் சட்டை போடக்கூடாது, அது உரசும். சட்டைப்பையில் சாவி, சில்லறை இருக்கக்கூடாது. இதையெல்லாம் கதவருகே நின்று ஒவ்வொருவராகச் சோதிப்பார். கடைசியாக ஒரு கேள்வி கேட்பார்: “சாப்பிட்டாச்சா?”

முதல் சில வாரங்கள் அந்தக் கேள்வியில் நான் உருகிப் போனேன். ஊரை விட்டு இவ்வளவு தூரம் வந்து, சாப்பிட்டாயா என்று கேட்க ஓர் ஆள்! எங்கள் ஊரில் அது நலம் விசாரிப்பு அல்லவா? பிறகுதான் தெரிந்தது, அவருக்கு அது வேலை விதி. பசித்த வயிறு உறுமும், உறுமினால் ஒலிவாங்கியில் ஏறும், ஏறினால் ஒரு மணி நேர வேலை பாழ். அவ்வளவுதான் பாசம்.

வேலையை அவர் செய்யும் விதத்தை இன்றைக்கெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கலாம். படத்தின் ஒரு துண்டை வெட்டி, முனைகளை ஒட்டி வளையமாக்கி, அது திரும்பத் திரும்பத் திரையில் ஓடும்படி செய்வோம். முதலில் அவர் எதையும் தொடமாட்டார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வெறுமனே பார்ப்பார். பிறகு விலங்கோடு சேர்ந்து மூச்சு விடத் தொடங்குவார். மூச்சு ஒத்துப் போன பிறகுதான் பதிவு தொடங்கும் சிவப்பு விளக்கு எரியும். புல்லில் நடக்கும் மானுக்கு, பழைய ஒலிநாடாவைக் கசக்கிக் குவித்து அதன்மேல் விரல்களால் நடப்பார். கழுகு இறக்கை விரித்தால் குடையை விரித்து மடக்குவார். சிங்கம் எலும்பைக் கடிக்க செலரித் தண்டு. வரிக்குதிரைக் குளம்புக்குத் தேங்காய்ச் சிரட்டை. ஹம்பேர்க் துறைமுகத்தில் அபூர்வமாக இறங்கும் தேங்காயை வாங்கி, சிரட்டையைப் பத்திரப்படுத்திக்கொண்டு பருப்பை எனக்குக் கொடுத்துவிடுவார். என் வாழ்க்கையில் சட்னி அரைத்துச் சாப்பிட்ட வரிக்குதிரைகள் பல.

யானைதான் அவருக்கு அடங்காமல் இருந்தது. நான் சேர்ந்த கொஞ்ச காலத்தில் ஒரு யானைப் படம் வந்தது. லோமான் பார்த்தார், மூச்சு விட்டார், ஒன்றும் வரவில்லை. என் பக்கம் திரும்பினார்.

“காதர், நீங்க இந்தியாக்காரர். யானை பார்த்திருப்பீங்க.”

“பார்க்காமலா? எங்க ஊர் தர்காவுலயே ஒண்ணு இருந்துச்சு.”

“அது எப்படி நடக்கும்? யோசிக்காதீங்க. கேட்டுச் சொல்லுங்க.”

கண்ணை மூடினேன். தர்காவின் கந்தூரித் திருவிழா ஊர்வலம் அப்படியே வந்துவிட்டது. யானையின் கழுத்தில் மணி, காலில் சங்கிலி, பக்கத்தில் நகரா முரசு, தெரு நிறைந்த கூட்டம், வாப்பாவின் தோளில் நான். என் கை தானாக மேசையைத் தட்டியது: தொம்... தொம்... தொம்.

லோமானின் முகம் மலர்ந்துவிட்டது. உடற்பயிற்சிக் கூடத்திலிருந்து ஒரு பழைய கனத்த தோல் பந்தை வாங்கி வந்தார். ஈர மணல் நிரப்பிய மரப்பெட்டியில் நான் அதைப் போட, அவர் பதிவு செய்து, நாடாவைப் பாதி வேகத்தில் ஓட்டினார். தொம்! கண்ணாடித் தடுப்பு அதிர்ந்தது. அன்றிலிருந்து எங்கள் கைக்கு வந்த யானை எல்லாம் அப்படித்தான் நடந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கேக்கும் காப்பியுமாகத் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்த ஜெர்மன் குடும்பங்கள் எல்லாம் அந்தத் தொம் தொம்மைக் கேட்டு வாய் பிளந்தன. யானைக்கு எங்களை விட்டால் ஆளில்லை என்று எங்களுக்குப் பெயர் வந்தது. சம்பளமும் கொஞ்சம் ஏறியது.

நோன்பு மாதம் வந்தது. அந்த வருடங்களில் ரமலான் குளிர்காலத்தில் வந்ததால், நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடும் ஹம்பேர்க்கில் நோன்பு பிடிப்பது பெரிய காரியமே இல்லை. பெரிய காரியம் லோமானின் கேள்விதான். கதவருகே “சாப்பிட்டாச்சா?” என்றார். விடியலுக்கு முன்னால் ஸஹர் நேரத்தில் சாப்பிட்டிருந்தேன், அதை நினைத்துக்கொண்டு “ஆச்சு” என்றேன். மதியத்துக்கு மேல் சிங்கங்கள் நிழலில் தூங்கும் காட்சி. மூச்சுச் சத்தம் மட்டும் போதும். சிவப்பு விளக்கு எரிந்தது, அறையே மூச்சை அடக்கியது, என் வயிறு உறுமியது.

சாதாரண உறுமல் இல்லை. அடியிலிருந்து புறப்பட்டு, மேலே ஏறி, ஒரு திருப்பம் திரும்பி, மெல்ல இறங்கியது.

லோமான் நாடாவை நிறுத்தினார். பின்னால் ஓட்டிக் கேட்டார். மறுபடியும் கேட்டார். வேலை போயிற்று என்று நான் நினைத்தேன்.

“இது யாரு?”

“நான்தான், ஹெர் லோமான். நோன்பு.” விளக்கிச் சொன்னேன்.

“தண்ணிகூடக் கிடையாதா?”

“கிடையாது.”

அவர் இன்னொரு முறை நாடாவை ஓட்டினார். “இவ்வளவு நல்ல வயித்தை இத்தனை நாள் சோறு போட்டுக் கெடுத்து வச்சிருக்கீங்களே,” என்றார்.

அந்தத் துண்டை வெட்டி எடுத்து ஒரு தகரப் பெட்டியில் போட்டு, மேலே “காதர் – வயிறு” என்று எழுதினார். மறுநாளிலிருந்து நோன்பு முடியும்வரை, பகலில் சத்தமான வேலை, சூரியன் மறைந்து நான் வாயில் ஏதாவது போட்ட பிறகு அமைதியான வேலை என்று ஸ்டுடியோவின் அட்டவணையையே மாற்றிவிட்டார். மற்றவர்களுக்கு என்ன காரணம் என்று சொல்லவில்லை. என் உறுமலை யானை வயிற்றுக்குப் போட்டோம். யானைகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்போது அப்படி ஓர் அடிவயிற்று முழக்கம் கேட்கும் என்று படம் எடுத்தவர்கள் எழுதியிருந்தார்கள். ஆக, ஜெர்மனியில் ஓடிய யானைக்குக் கால் என் ஊருடையது, வயிறு என்னுடையது.

இப்படியே வருடங்கள் நன்றாகப் போயின. நான் ஊருக்குப் போய் நிக்காஹ் முடித்து மெஹருவை அழைத்து வந்தேன். எழுபதுகளின் நடுவில் ஒருநாள் லோமான் ஒரு குருவிக்குச் சத்தம் செய்துகொண்டிருந்தார். நனைத்த தக்கையைக் கண்ணாடியில் தேய்த்தால் கீச் கீச் என்று அச்சாகக் குருவிதான். அவர் தேய்த்தார். கீச்சென்றது. தலையை ஆட்டிவிட்டு மறுபடி தேய்த்தார். எனக்குப் பல் கூசியது.

“இன்னைக்குத் தக்கை சரியில்லை. சத்தமே வரமாட்டேங்குது,” என்றார்.

அவர் என் முகத்தைப் பார்த்தார்.

“வருதா?”

“வருது, ஹெர் லோமான்.”

அவர் தக்கையைக் கீழே வைத்துவிட்டு மணல் பெட்டியின் விளிம்பில் உட்கார்ந்தார். போரில் பீரங்கிப் படையில் இருந்தவர். இடது காதில் எப்போதும் ஒரு ரீங்காரம் உண்டு என்று முன்பே சொல்லியிருக்கிறார். இப்போது மெல்லிய, கூர்மையான சத்தங்கள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன.

“இவ்வளவு வருஷமா ஆப்பிரிக்காவுக்குச் சத்தம் போடுறேன், காதர்,” என்றார். “ஒரு தடவைகூட நேர்ல போய்க் கேட்டதில்லை. பென்ஷன் வாங்கினப்புறம் போகலாம்னு வச்சிருந்தேன். அதுக்குள்ள இதுங்க காத்திருக்காது போல.” தன் காதுகளைத் தொட்டுக் காட்டினார்.

அன்று ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். அவருக்குக் கேட்காத சத்தம் வந்தால் நான் அவர் முழங்கையை லேசாகத் தட்ட வேண்டும். வேறு யாருக்கும் தெரியக்கூடாது. தெரிந்தால் மறுநாளே அவரைக் கௌரவமாக ஒரு மேசைக்குப் பின்னால் உட்கார வைத்துவிடுவார்கள். நானும் தட்டினேன். பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஊருக்குத் தெரியாமல் ஒரு மனிதருக்குக் காதாக இருந்தேன். அந்த வேலையைத்தான் என் வேலைகளிலேயே பெருமையாக நினைக்கிறேன்.

அந்தச் சமயத்தில்தான் காலம் மாறியது. வண்ணப் படம் வந்தபிறகு தொலைக்காட்சிக்காரர்களுக்கு நிஜச் சத்தமும் வேண்டும் என்றாகிவிட்டது. தூக்கிக்கொண்டு போகக்கூடிய ஒலிப்பதிவுக் கருவிகள் வந்துவிட்டன. கென்யாவில் ஒரு தேசியப் பூங்காவைப் பற்றிப் பெரிய படம் எடுக்கிறோம், சத்தம் அங்கேயே பதிவாக வேண்டும், யாரை அனுப்பலாம் என்று முதலாளி கேட்டார். ஓர் இளைஞன் பெயர் அடிபட்டது. லோமான் அதுவரை முதலாளியிடம் எதையும் கேட்டதில்லை. அன்று எழுந்து நின்றார்.

“நான் போறேன். காதரும் என்கூட வரணும். பெட்டி தூக்க இல்லை, வேலைக்கு.”

அப்படித்தான் ஒரு ஜூலை மாதம் நாங்கள் புறப்பட்டோம். காது விஷயத்தை நான் மெஹருவிடம் மட்டும் சொல்லியிருந்தேன். அவள் ஊறுகாய்ப் பாட்டிலைப் பெட்டியில் வைத்துக்கொண்டே சொன்னாள்: “அவரைப் பார்த்துக்கங்க. அவரு சத்தம் பிடிக்கப் போகலை. விடை சொல்லிக்கப் போறாரு.”

பூங்காவில் முதலில் என்னை அடித்துப் போட்டது நிறம். எங்கள் திரையில் வேலைக்காக ஓடியதெல்லாம் கறுப்பு வெள்ளைப் பிரதிதான். அங்கே மண் செங்கல் பொடி மாதிரிச் சிவப்பு. அந்த மண்ணில் புரண்ட யானைகள் தூரத்தில் சிவப்பாக நின்றன. யானை சிவப்பு என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். முள் மரங்கள், அதற்குமேல் கழுத்தை நீட்டிக்கொண்டு ஒட்டகச்சிவிங்கி, கண்ணுக்கெட்டிய தூரம் காய்ந்த புல். இத்தனை வருடம் ஜன்னல் இல்லாத அறையில் உட்கார்ந்து நான் நடமாடிய இடம் இதுதானா என்று நெஞ்சு நிறைந்துவிட்டது. ஸுப்ஹானல்லாஹ் என்று வாய்விட்டுச் சொன்னேன். ஒளிப்பதிவாளர் ரோல்ஃப் என்ன என்று கேட்டார். அழகாக இருக்கிறது என்றேன்.

விடியும்போது பறவைகள் தொடங்கின. ஒலிவாங்கியைக் கொம்பில் கட்டி நிறுத்திவிட்டு, நானும் லோமானும் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்தோம். நான் தட்டத் தொடங்கினேன். இடதுபக்கம் ஒரு கீச்சு, தட்டு. மேலே ஒரு விசில், தட்டு. பூச்சி, தட்டு. இன்னொரு பூச்சி, தட்டு. தந்தி அடிப்பதுபோல் ஆகிவிட்டது.

“போதும் காதர், முழங்கை வீங்கிடும்,” என்று சிரித்தார். சிரிப்பு சீக்கிரமே அடங்கிவிட்டது. “இவ்வளவா போயிடுச்சு?” என்றார்.

அடுத்து வந்ததைத் தட்டினேன்.

அடுத்தடுத்த நாட்களில் அவர் பேச்சே குறைந்துவிட்டது. சிங்கங்களோ, நாங்கள் போன பக்கமெல்லாம் தூங்கின, ஒரு முனகல்கூட இல்லை. “யானை வரட்டும்,” என்று மட்டும் சொல்வார். “அது பெரிய சத்தம், கீச்சு இல்லை, கனத்த சத்தம். அது எனக்குக் கேக்கும்.” அதை ஒரு நாளைக்குப் பல தடவை சொன்னார். சொல்லச் சொல்ல எனக்குப் பயம் ஏறியது. அதுவும் கேட்காவிட்டால்?

பூங்காக் காவலர் ஜோசப் எங்களைத் தண்ணீர்த் தேக்கம் ஒன்றுக்கு அழைத்துப் போனார். கரையோரம் கல்லால் கட்டிய, புல் வேய்ந்த ஒரு மறைவிடம். கண் மட்டத்தில் நீளமான திறப்பு. யானைகள் தண்ணீருக்கு அதை உரசிக்கொண்டுதான் போகும் என்றார். வெயில் சாயத் தொடங்கியிருந்தது, காற்று இல்லை. ரோல்ஃப் கேமராவோடு ஒரு மூலையில், நாங்கள் இன்னொரு மூலையில். ஒலிவாங்கியை வெளியே தரைக்குப் பக்கத்தில் கட்டியிருந்தேன். நாங்கள் இருவரும் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தோம். நான் வழக்கம்போல் ஷூவைக் கழற்றியிருந்தேன். லோமான் ஹம்பேர்க்கிலிருந்து தன் கம்பளித் துணிச் செருப்பைக் கொண்டுவந்து போட்டிருந்தார்.

புதருக்குப் பின்னாலிருந்து வந்தன. முதலில் ஒரு கிழவி யானை, பிறகு வரிசையாக மற்றவை. எங்களை நோக்கி, சிவப்புச் சுவர் நகர்ந்து வருவது மாதிரி. நான் மூச்சை அடக்கிக்கொண்டு தொம் என்ற சத்தத்துக்குக் காத்திருந்தேன்.

ஒன்றும் வரவில்லை.

ஒலிவாங்கி செத்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். கம்பியைச் சரிபார்த்தேன், சரியாக இருந்தது. எங்கோ ஒரு புறா கூவியது, அது கேட்டது. ஹெட்போனை ஒரு காதிலிருந்து நகர்த்தினேன், வெறும் காதிலும் ஒன்றுமில்லை. யானைகள் பத்தடி தூரத்தில் வந்துவிட்டன. தோலின் சுருக்கம் தெரிகிறது, கண்ணிமை தெரிகிறது, ஒவ்வொரு காலும் தூக்கி ஊன்றுவது தெரிகிறது. சத்தம் மட்டும் இல்லை.

லோமானைப் பார்த்தேன். அவர் முகம் சாம்பலாகியிருந்தது. முழங்கையை என் பக்கமாக நீட்டிக்கொண்டு, நான் தட்டுவதற்காகக் காத்திருந்தார். நான் தட்டவில்லை. தட்ட என்ன இருந்தது?

“தட்ட மறந்துட்டீங்க, காதர்,” என்று உதட்டசைவில் சொன்னார்.

“சத்தம் இல்லை, ஹெர் லோமான். எனக்கும் கேக்கலை.”

அவர் கண்ணை மூடிக்கொண்டு தலையசைத்தார். நம்பவில்லை. கிழவனின் மனம் நோகாமல் பேசுகிறேன் என்று நினைத்துவிட்டார். மெல்ல ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்தார். கடைசியாக நம்பியிருந்ததும் போய்விட்டது என்று அவர் முடிவு செய்துவிட்டது தெரிந்தது. உரக்கப் பேசவும் வழியில்லை.

கருவியை அவர் மடிப்பக்கம் திருப்பி, ஒலி அளவைக் காட்டும் முள்ளைச் சுட்டிக் காட்டினேன். பொய் சொல்ல மனிதனால் முடியும், முள்ளால் முடியாது என்று அவரே எனக்குச் சொல்லியிருக்கிறார். அவர் குனிந்து பார்த்தார். பிறகு திறப்பு வழியே யானையின் முன்னங்காலைப் பார்த்தார். கால் எழுந்தது, இறங்கியது, பாதம் மாவுப் பிண்டம்போல் அகன்று தரையில் படிந்தது. முள் அசையவில்லை. அடுத்த கால். முள் அசையவில்லை. புறா கூவியது, முள் துள்ளியது. மறுபடி கால். அசையவில்லை.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்த பார்வையை நான் மறக்கப் போவதில்லை. அந்த நொடியில்தான் எனக்கும் உறைத்தது. எங்கள் ஊர் யானை ஒருநாளும் தனியாக நடந்ததில்லை. மணியும் சங்கிலியும் நகராவும் ஊர்ச் சனமும் கூடவே நடந்தன. நான் மேசையில் தட்டிக் காட்டியது நகராவின் அடி. ஜெர்மனி முழுக்க யானை என்று கேட்டுக்கொண்டிருந்தது எங்கள் ஊர்க் கந்தூரியை!

லோமான் என் காதருகே குனிந்தார். “உங்களை மாதிரியே இருக்கு, காதர். ஷூவைக் கழட்டி வச்சுட்டு வந்திருக்கு.”

ஹெட்போனை மறுபடி மாட்டிக்கொண்டார். அப்போது கிழவி யானை எங்கள் திறப்புக்கு நேராக வந்து நின்றது. அதன் பக்கவாட்டு வயிறு வெளிச்சத்தையே மறைத்தது. உள்ளேயிருந்து ஒரு முழக்கம் புறப்பட்டது. அடியிலிருந்து எழுந்து, மேலே ஏறி, ஒரு திருப்பம் திரும்பி, மெல்ல இறங்கியது. முள் நிமிர்ந்து எழுந்து சாய்ந்தது. நான் தட்டுவதற்குக் கையைத் தூக்கினேன். அதற்குள் லோமான் சட்டென்று என் வயிற்றைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

“நோன்பா, காதர்?”

அவருக்குக் கேட்டிருக்கிறது! நான் தட்டாமலே கேட்டிருக்கிறது! எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. சட்டைக் கையை வாயில் திணித்துக்கொண்டேன். அவர் தோள் குலுங்கியது. ரோல்ஃப் எங்களைக் கொன்றுவிடுவதுபோல் முறைத்தார். யானைகள் தண்ணீரை உறிஞ்சிப் பீய்ச்சின, அதெல்லாம் அவருக்குக் கேட்டது, ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினார். இருட்டும்வரை அங்கேயே இருந்தோம். திரும்பும்போது ஜோசப்பின் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார். அந்த மனிதருக்குக் காரணம் விளங்கவில்லை, ஆனாலும் சிரித்தார். அன்றிரவு லோமான் மெஹரு கொடுத்த ஊறுகாயை ரொட்டியில் தடவி இரண்டாவது முறையும் வாங்கிச் சாப்பிட்டார்.

ஹம்பேர்க்குக்குத் திரும்பிப் படத்துக்குச் சத்தம் சேர்த்தோம். யானைகள் வரும் இடத்தில் புறாவும் காற்றும் மட்டும்தான். தோல் பந்தைப் பெட்டியிலிருந்து நாங்கள் எடுக்கவே இல்லை. தொலைக்காட்சி அதிகாரிகள் படம் பார்க்க வந்தார்கள். முதலாளி முன் வரிசையில், நாங்கள் பின்னால். யானைகள் திரையில் நடந்து வந்தன. அறை அமைதியாக இருந்தது. ஓர் அதிகாரி நெளிந்தார், கையை உயர்த்திப் படத்தை நிறுத்தச் சொன்னார்.

“இங்க சத்தம் விட்டுப்போச்சே. காலடி எங்கே?”

முதலாளி திரும்பிப் பார்த்தார். லோமானின் காதைப் பற்றி அவருக்கு ஏதோ சந்தேகம் தட்டியிருக்க வேண்டும், அந்தப் பார்வையில் தெரிந்தது.

லோமான் எழுந்தார். மேலங்கிப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

“யானைக்குக் காலடிச் சத்தம் கிடையாது,” என்றார்.

“இத்தனை வருஷமா நீங்கதானே போட்டீங்க?” என்றார் அதிகாரி.

“ஆமா. அப்ப நான் போய்க் கேட்டதில்லை. இப்ப போய் என் காதாலயே கேட்டுட்டு வந்தேன்.”

“என்ன கேட்டீங்க?”

“ஒண்ணுமே கேக்கலை.”

அதிகாரி உயர்த்திய கையை இறக்கி, சரி, ஓட்டுங்கள் என்றார். லோமான் என் பக்கத்தில் உட்கார்ந்தார், விளக்கு அணைந்தது. மறுபடியும் யானைகள் சத்தமில்லாமல் நடந்து வந்தன. கிழவி யானை திரையை நிறைத்து நின்றது. அதன் அடிவயிற்று முழக்கம் அறைக்குள் பரவியது. இருட்டில் என் முழங்கையை யாரோ லேசாகத் தட்டினார்கள்.